பூசைக்குப் பூசை ஒரு வருடம்

1.

இந்தக் கதையின் முதல் வரியை நேற்றே எழுதிவிட்டேன். நடப்பதற்கு முன்னால் எழுதியது என் தவறுதான். அந்த வரி இது:

'எங்கள் குடும்பத்து வண்டியில் ஏறியவர் யாரும் தோற்று இறங்கியதில்லை.'

நல்ல வரி. அடிக்க மனம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் இன்று காலை கடலூரில் நடந்தது வேறு. நடந்ததை மட்டும் எழுதச் சொல்கிறாள் என் மனைவி பவானி. முதுநகர்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என் தாளைத் தலைகீழாகப் படிக்கிறாள். ஆகவே பொய் குறைவாகத்தான் இருக்கும்.

2.

கதாநாயகி ஆரோக்கிய அனிதா, பவானியின் பழைய மாணவி. வயது பதினெட்டு. முதுநகரில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார்.

(இங்கே அவள் கண்களைப் பற்றி ஐந்து வரி இருந்தது. "அவ லைசென்சுக்குப் போறா, பொண்ணு பாக்க வரல யாரும்" என்றாள் பவானி. எடுத்துவிட்டேன்.)

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை காத்திருக்கிறது. வீடு வீடாகப் போய் மாதிரிகளை வாங்கி வர வேண்டும். ஒன்றாம் தேதிக்குள் ஓட்டுநர் உரிமம் காட்டினால்தான் வேலை.

உரிமம் எடுப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று நானும் கேட்டவன்தான். லூர்துசாமி விளக்கினார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய மைதானத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தம் மொபெட்டில் ஓட்டப் பழக்குகிறார்.* ஒரு பையனுக்கு முகவரிச் சான்று இல்லை, வாடகை வீடு மூன்று முறை மாறிவிட்டது. இன்னொருவனுக்குப் பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. இதெல்லாம் சரியானாலும் கடைசியில் ஒன்று இடிக்கும். தேர்வுக்கு வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும், சரியான தாள்களோடு.

போன மாதம் அனிதாவுக்கு வண்டி தருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், தேர்வு அன்று காலை அதிலேயே வேலைக்குப் போய்விட்டார். அவளுடைய பழகுநர் உரிமத்துக்கு ஆறு மாதம் நாளையோடு முடிகிறது. முடிந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் வேலை வேறு கைக்குப் போய்விடும்.

என்னைக் கேட்காமலே எங்கள் ஸ்கூட்டரைத் தருவதாகப் பவானி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

* அந்த மொபெட்டின் தாள்கள் 'தானே' புயலில் போய்விட்டன. மைதானத்தை விட்டு அது வெளியே வருவதில்லை.

3.

வண்டியை இரவல் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. அதன் முகப்பில் என் அப்பா பெயர் இருக்கிறது: கொளஞ்சியப்பன். எட்டு வடிவத் தடத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். ஊன்றினால் பெயில். அப்பா பெயரை வைத்துக்கொண்டு பெயிலா? நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். காலை ஆறரைக்குச் சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம், சலவை வேட்டியில் நான், பின்னால் பவானி.

(பி.முட்லூர் டீக்கடையில் எனக்குக் கிடைத்த மரியாதை பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசகர் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பவானி பொறுக்கவில்லை.)

4.

இனி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேர்வு நடத்தும் ஆய்வாளர். முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மீசை, ஏழைகளைக் கண்டால் எரிச்சல். நிஜத்தில் அவர் பெண். காயத்ரி என்று பெயர், முப்பது வயது இருக்கலாம். மீசையை எடுத்தேன். எரிச்சலையும் எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு பார்த்தால் கதையில் வில்லன் இல்லை. அந்த இடம் காலியானால் யார் வந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மீசையோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன்.

அவர் வண்டி எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தார். "இன்சூரன்ஸ் முடிஞ்சு பதிமூணு நாள் ஆச்சே."

எங்கள் வீட்டில் அப்படி நடக்காது என்று சொல்லித் தாளை நீட்டினேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவர் நகத்தால் சுரண்டினார்.

"பூசைக்குப் பூசை கட்டுவீங்களா ஐயா?"

"எங்கப்பா காலத்துலேருந்து."

"பூசை வருசா வருசம் தேதி மாறுது. போன வருசம் ஒண்ணாம் தேதி வந்துச்சு, இந்த வருசம் பத்தொம்போதுதான் வருது. கம்பெனிக்காரன் காலண்டர்ல பூசை இல்லீங்களே."

வரிசையில் சிரித்தார்கள். மூன்றாவதாக நின்றவர் என் சம்பந்தி, விருத்தாசலம் அறிவழகன்.

5.

அடுத்து என்ன எழுதுவது? இரண்டு தொடக்கங்கள் முயன்றேன்.

'அன்று பார்த்து அலுவலகக் கணினி பழுதாகி'

'தாள்களைச் சரிபார்க்காமல் வந்த அந்தப் பெண்'

இரண்டாவதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

நடந்தது இதுதான். அனிதா அங்கேயே கைபேசியில் காப்பீட்டைப் புதுப்பித்துவிட்டாள். ஆனால் அது நள்ளிரவு முதல்தான் செல்லும். நாளைக்கோ தேர்வுக்கு இடமில்லை. வண்டித் தாளைப் பார்த்து எடுத்து வருவது உன் பொறுப்புதானே என்று ஆய்வாளர் அவளைக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா மேடம்" என்றாள்.

என் பழியை இன்னொருவர் சுமந்து நான் பார்த்ததில்லை. அதுவும் அறிவழகன் பார்க்க.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா" என்றேன். "வண்டி என்னுது. தேதியப் பாக்காதவன் நான்."

"அதையே எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு இடம் வெக்கப் பாக்குறேன்."

நின்றபடியே நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டேன். இன்று நான் எழுதியதில் அடித்தல் திருத்தல் இல்லாதது அது ஒன்றுதான். இந்நேரம் விருத்தாசலம் வரை செய்தி போயிருக்கும்.

6.

இப்போது மாலை நாலரை. லூர்துசாமி வீட்டில் இருக்கிறோம். காப்பீடு இல்லாத வண்டியில் ஊர் திரும்பப் பவானி விடவில்லை.

இரண்டு முடிவுகள் எழுதி மைதானத்துக்கு எடுத்துப் போனேன். அனிதா மொபெட்டில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தி வாங்கிப் படித்தாள்.

(அ) அவள் தேறுகிறாள். "இதுல பாதிக்கு மேல நீங்க கை தட்டுறதுதான் ஐயா இருக்கு."

(ஆ) இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிடுகிறாள். "இதுல நான் அழுவுறேன். நான் அழுவ மாட்டேன்."

இரண்டையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தயங்கிச் சொன்னாள்: "நாளைக்கு வண்டி மட்டும் வரட்டும் ஐயா. நீங்க வராதீங்க. நீங்க மொறச்சுப் பாத்தா எனக்குக் கால் கீழ போயிடும்."

எங்கள் வீட்டு ஆள் இல்லாமல் எங்கள் வண்டி எங்கும் போனதில்லை. சாவியை லூர்துசாமியிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நாளை பத்து மணிக்கு இதே நாற்காலியில்தான் இருப்பேன். முடிவு என்னிடம் இல்லை. உங்களை வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். முறைக்காதீர்கள்.