தடித்த தந்தியும் துணைத் தந்தியும்

மணல்குறிச்சியில் கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்த ஒரு வருஷத்துக்குள் தாயும் தகப்பனும் தங்கள் குரல்களை மாதா கோயில் லூட்டுக்குத் தந்தியாகக் கொடுத்துவிடுவார்கள். லூட் என்பது எந்தக் காலத்திலோ கப்பலில் வந்திறங்கிய வாத்தியம். பாதியாய் அறுத்த பூசணிக்காய் போல வயிறு, பின்னால் ஒடிந்து மடங்கிய கழுத்து. அதில் தந்திகள் ஜோடி ஜோடியாகத்தான் நிற்கும்.

புருஷன் குரல் தடித்த தந்தி. பெண்சாதி குரலையும் அதே தடிமனுக்கு முறுக்கி ஒரே சுருதியில் கட்டினால், அவள் அவருக்குள் கரைந்து அவர் சொல்வது உரக்கக் கேட்கும். மெல்லிசாகவே விட்டு ஒரு ஸ்தாயி மேலே கட்டினால், காதில் முதலில் விழுவது அவள்தான். தடித்தது அடியில் முனகிக்கொண்டு கிடக்கும். ஞாயிறு பூசையில் அந்த ஜோடி முதன்முதலில் சொல்வது எதுவோ, அதன்பிறகு அந்த வீட்டுக்கு அதுதான் சட்டம்.

இந்த ஞாயிறு தங்கள் ஜோடி என்பதால்தான் பிரகாசியம்மாளுக்கு ஒரு வாரமாய்ச் சோறு இறங்கவில்லை. கடைசி மகள் ஹில்டா முழுகாமல் இருக்கிறாள். மருமகன் ரெமிஜியசுக்குக் கடலைக் கண்டால் தலைசுற்றும். பின்கட்டு அறையில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். ரெண்டு பேரும் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் புருஷன் சந்தியாகுவின் எண்ணம். இருக்க வேண்டும் என்று அவள் மாதாவிடம் நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை தந்தி கட்டும் உபதேசியார் கஸ்பார் இருவரையும் பீடத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்.

"சொல்லும் வே சந்தியாகு. ஒரே சுருதியா, மேல் ஸ்தாயியா?"

சந்தியாகு வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். அவர் பேச்சு எப்போதும் ஈரச் சாக்குக்குள் போட்ட தவளைதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொன்னதை ஊருக்கு எடுத்துச் சொல்வது பிரகாசி. மூத்தவளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பியது, ரெமிஜியசுக்குப் பெண் கொடுத்தது எல்லாம் சந்தியாகு சொன்னதாக அவள் சொல்லி நடந்தவை.

"என்ன சொல்லுதாவ பிரகாசி?" என்றார் உபதேசியார்.

அவள் காதில் அது தெளிவாகவே விழுந்திருந்தது. ஒரே சுருதி என்றுதான் சொன்னார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப ஜெபத்தை மனசுக்குள் முழுதாய்ச் சொல்லி முடித்தாள்.

"மேல் ஸ்தாயியே கட்டச் சொல்லுதாவ, அண்ணே."

சந்தியாகு மறுபடியும் முனகினார்.

"இப்ப என்னவாம்?"

"சீக்கிரம் கட்டணுமாம். அவியளுக்குப் பசிக்குதாம்."

உபதேசியார் இருவர் தொண்டையிலிருந்தும் குரலை நூல் உருவுவதுபோல உருவி, முறுக்காணியில் சுற்றினார். மெல்லிசுத் தந்தியைக் கட்டும்போது, "தங்கமான மனுசன். இந்த ஊருல ஒரே சுருதி வேணாம்னு சொன்ன முதல் ஆம்பளை நீருதான் வே" என்றார். சந்தியாகுவுக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை.

ஞாயிறு பூசையில் லூட்டை மீட்டியதும், "பிள்ளையள் வீட்டுலயே இருக்கட்டும்" என்று மெல்லிசுத் தந்தி பளிச்சென்று சொன்னது. அடியில் தடித்தது ஏதோ முனகியது. சபையார் ஆமென் என்றார்கள். சந்தியாகுவின் பரந்த மனசைச் சாமியார் பிரசங்கத்தில் பாராட்டினார். ஹில்டா அங்கேயே அழுதாள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சந்தியாகு நடுவில் இருந்த மீன் தட்டைக் காட்டி ஆசையாய் வாயை அசைத்தார்.

"மாமா என்னமோ சொல்லுதாவளே?" என்று ரெமிஜியஸ் மாமியார் முகத்தைப் பார்த்தான். பிரகாசியம்மாள் வாயைத் திறந்தாள்; சத்தம் வரவில்லை.

தட்டில் இருந்த பொரித்த விளமீன் நிதானமாகச் சொன்னது: "அவியளுக்கு மீன் வேண்டாமாம்."

ஹில்டா மீனை எடுத்துத் திரும்பச் சட்டியில் வைத்து மூடினாள். பிரகாசியம்மாள் அவருக்கு ரசம் ஊற்றினாள்.