பிறக்கும் முன் வெட்டிய பேர்

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. குழந்தை பிறந்து, பேர் வைத்து, பெற்றவர்கள் அந்தப் பேரைத் தங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் மெஷினில் கை வைப்பார். அதற்கு முன்னால் தலைகீழாக நின்று கேட்டாலும் வெட்ட மாட்டார். சகுனம் கிகுனம் எல்லாம் கிடையாது, பட்ட அடிதான். கடைசி நேரத்தில் மாமியாருக்குப் பிடிக்காமல், சித்தப்பாவுக்குப் பிடிக்காமல், வேண்டாம் என்று ஆகிப்போன பேர்கள் நாற்பதுக்கும் மேல் சுவரோரத்து அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

நாங்கள் செய்வது பேர்ப் பலகை. குழந்தையின் பேரில் உள்ள எழுத்துகளை ஒரே பலகையிலிருந்து நூல் போன்ற பிளேடால் தனித்தனியாக வெட்டி எடுப்பார் அவர். எழுத்து போன இடத்தில் அதே வடிவத்தில் ஓட்டை நிற்கும். அடியில் மெல்லிய பிளைவுட் ஒட்டினால் அது பள்ளமாகிவிடும். புள்ளி வைத்த எழுத்து வந்தால் புள்ளியைத் தனியாக வெட்டுவதில்லை, குழந்தை விழுங்கிவிடும். எழுத்தோடு ஒட்டியே விட்டுவிடுவார். மெஷின் ஓடினாலும் பலகையைத் திருப்பித் திருப்பி வெட்டுவது கைதான். அதனால் ஒரு பலகையின் எழுத்து, அதே எழுத்தாகவே இருந்தாலும், இன்னொரு பலகையின் பள்ளத்தில் உட்காராது.

உப்புத்தாள் போடுவதும் கலர் அடிப்பதும் நான். கலர் விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. சிவப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு அடித்துத் தரச் சொன்ன ஒரு அம்மாவை வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பியிருக்கிறேன். பதினேழு வருஷமாக யார் யார் பெற்ற பிள்ளைகளின் பேருக்கோ கலர் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. டாக்டர்கள் கையை விரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

என் தங்கச்சிக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். இரண்டே அறை வீடு, அதில் அவருடைய அம்மாவும் படுத்த படுக்கையாக இருந்தார். மூன்றாவது தங்கிவிட்டது என்று தெரிந்ததும் அழுது வீங்கின முகத்தோடு பட்டறைக்கு வந்தாள். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இதை உனக்கே குடுத்துடறேன்க்கா. நீ வளர்த்துக்கோ."

"விளையாடாதடி. எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"சத்தியமாக்கா. அவர்கிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

நானாகக் கேட்கவில்லை. இதை யார் தலையில் அடித்தும் சத்தியம் பண்ணுவேன். அவளாகத்தான் வந்து சொன்னாள்.

பலகை அடுக்கி வைத்திருந்த நடு அறையைக் காலி பண்ணினோம். சுவருக்கு வெளிர் பச்சை அடித்தேன். இவர் ஒரு சின்னக் கட்டில் செய்தார். நான்கு பக்கமும் தடுப்பு வைத்து, எங்கேயும் கூர் இல்லாமல் விளிம்பை எல்லாம் உருட்டி, மூன்று தடவை உப்புத்தாள் போட்டார். இவருக்கும் ஆசைதான். வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடும் என்று பேசாமல் இருப்பார்.

ஆணோ பெண்ணோ இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி மூன்றெழுத்தில் ஒரு பேரை நான் எப்போதோ யோசித்து வைத்திருந்தேன். எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதை வெட்டித் தரச் சொல்லி இவரிடம் போய் நின்றேன்.

"பிறக்கட்டும். முதல் வேலையா அதைத்தான் வெட்டுவேன்."

"நம்ம பிள்ளைக்குமா உங்க சட்டம்?"

"நம்ம பிள்ளைக்குத்தான் முக்கியமா."

அழுத்தக்காரர். ஒரு தடவை மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவர் மரம் எடுக்கப் போன அன்று நானே மெஷினைப் போட்டு வெட்டினேன். எனக்கு அந்தக் கை வராது. முதல் எழுத்து எப்படியோ தப்பித்தது. நடு எழுத்தில் வளைவு திரும்பும் இடத்தில் கை நடுங்கி, பிளேடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டது. இருந்தாலும் பேர் பேர்தான். பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று எழுத்துக்கும் அடித்தேன். வாயில் வைத்தாலும் ஒன்றும் செய்யாத பெயிண்ட். ஒவ்வொன்றுக்கும் நான்கு பூச்சு. வந்து பார்த்த இவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அதோடு நான் அடங்கியிருந்திருக்கலாம். அடங்குவேனா? ஏழாம் மாசம் பலகையைத் துணியில் சுற்றித் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெருமை. என் பிள்ளைக்கு நான் வைத்த பேரை நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற பெருமை. பிரித்ததும் அவளுடைய இரண்டு பெண்களும் பாய்ந்து பிடுங்கிக்கொண்டன.

"பாப்பா பேரா பெரியம்மா?"

"ஆமா. பாப்பா வர்ற வரைக்கும் நீங்க வெச்சு விளையாடுங்க. அப்புறம் பாப்பாவும் பலகையும் சேர்ந்து எங்க வீட்டுக்கு வந்துடணும், தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று இரண்டும் தலையாட்டின. அடுத்த இரண்டு மாசம் நான் எப்போது போனாலும் அதே காட்சிதான். தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகள். பெரியவள் எழுத்தைப் பள்ளத்தில் போடுவாள், சின்னவள் அம்மாவின் வயிற்றில் வாயை வைத்துப் பேரைச் சொல்லிக் கத்துவாள். உள்ளே இருந்து உதை வரும். மூன்று பேரும் சிரிப்பார்கள். நானும் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் போல ஒரு மடச்சி எங்கேயும் இருக்க மாட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் பகலில், துவைத்து மடித்த துணிகள், போர்வை, பால் புட்டி எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கச்சி வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து, "உக்காருங்க அண்ணி" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் பாட்டிலுக்கு அருகில் என் பலகை இருந்தது.

"அக்கா, என்னைத் திட்டு. அடிக்கணும்னா கூட அடி. என்னால முடியலக்கா."

"என்னடி முடியல?"

"குடுக்க முடியல."

குழந்தை அவள் கையிடுக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. காது மட்டும் தெரிந்தது.

"நானாடி கேட்டேன்? நீதானே வந்து சொன்ன?"

"சொன்னேன், இல்லேன்னு சொல்லல. அப்ப அது வெறும் வாந்தியும் மயக்கமுமாத்தான் இருந்துச்சு. எப்படா இறக்கி வைப்போம்னு இருந்துச்சு. நீ அந்தப் பலகையைக் கொண்டுவந்து வெச்ச. அதுங்க ரெண்டும் காலையில எந்திரிச்சா பேரைச் சொல்லிக் கூப்பிடுதுங்க, படுக்கப் போனா கூப்பிடுதுங்க. கூப்பிட்டா உள்ள இருந்து இது உதைக்குது. என்னையும் அறியாம நானும் கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். பேரில்லாம இருந்திருந்தா கண்ணை மூடிட்டுக் குடுத்திருப்பேன்க்கா. சத்தியமாக் குடுத்திருப்பேன்."

என் கையாலேயே என் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று அப்போது புரிந்தது. புரிந்தால் மட்டும் வாய் நிற்குமா? ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னேன். பிள்ளை பெற்றவளிடம் சொல்லக் கூடாததையும் சொன்னேன். நர்ஸ் வந்து, சத்தம் போடாதீங்க என்றாள். அவளையும் திட்டினேன். கடைசியில் குரல் அடங்கிப்போய்க் கெஞ்சினேன்.

"பேரையாவது மாத்துடி. அது நான் வெச்ச பேரு."

"அதுங்க ரெண்டும் மாத்த விடாதுக்கா."

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளையும் போச்சு, பேரும் போச்சு. இவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருப்பேன். மறுவாரம் நடு அறைக்குள் பழையபடி பலகைகளை அடுக்கினார். கட்டில் அதன் பின்னால் மறைந்துவிட்டது.

பதினான்கு மாசம் அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவள் போன் பண்ணினாள், நான் எடுக்கவில்லை. போட்டோ அனுப்பினாள், திறக்காமலே அழித்தேன். யார் வீட்டுப் பிள்ளையோ, எனக்கென்ன? இப்படி நாளைக்குப் பத்துத் தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் பார்சல் வந்தது. உள்ளே என் பலகை, இரண்டு எழுத்துகள், ஒரு சீட்டு. "அக்கா, நீ பேச மாட்டேன்னு தெரியும். பாப்பா நடு எழுத்தைத் தொலைச்சிட்டா. அந்தப் பள்ளத்தை விரலால தடவித் தடவி அழறா. வேற யார் வெட்டினாலும் அதுல உக்காராதே. மாமாகிட்ட சொல்லி அந்த ஒண்ணு மட்டும் வெட்டி அனுப்பு."

என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சீட்டை இவர் மேசைமேல் விட்டெறிந்தேன். பலகையை மரத்தூள் மூட்டைக்குள் போட்டுவிடலாம் என்றுதான் தூக்கினேன். எழுத்துகள் இரண்டும் நழுவி என் மேசையில் விழுந்தன.

பச்சை அப்படியே இருந்தது. நீலத்தின் மூலையில் பெயிண்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் பக்கம் இரண்டு, அடிப்பக்கம் இரண்டு, நகக்குறி அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். கடித்திருக்கிறாள். அப்படியென்றால் மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. எப்போது முளைத்தது? முளைக்கும்போது காய்ச்சல் வந்ததா? யாரையாவது கடித்தாளா? எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் பதினான்கு மாசம் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தக் குழிகளில் கட்டைவிரலை வைத்தேன். வைத்துக்கொண்டு அழுதேன். பிரைமர் டப்பா திறந்தே கிடந்து மேலே ஆடை கட்டிவிட்டது.

கலர் படாமல் இருக்க நான் மேலே போட்டுக்கொள்வது இவருடைய பழைய சட்டை. நீல எழுத்தை அதன் பாக்கெட்டில் போட்டேன். பச்சையை மட்டும் அதன் பள்ளத்தில் வைத்து, பலகையைக் கொண்டுபோய் இவர் முன்னால் நீட்டினேன்.

"ரெண்டு பள்ளம் காலியா இருக்கு" என்றார்.

"ஆமா."

"ரெண்டுமா தொலைஞ்சு போச்சு?"

"குழந்தைன்னா தொலைக்கத்தான் செய்யும். வெட்டித் தருவீங்களா மாட்டீங்களா?"

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பள்ளங்களின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவம் எடுத்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது. நடு எழுத்தின் வளைவில், அன்றைக்கு என் கை நடுங்கிய இடத்தில், அவரும் பிளேடை அதே மாதிரி ஆட்டித்தான் வெட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் உட்காராது. பாக்கெட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அவருடைய மேசையை நான் அப்போதுதான் பார்த்தேன். தங்கச்சியின் சீட்டு அங்கேயே, அவருடைய பென்சில் டப்பாவுக்குக் கீழே, விரித்தபடி கிடந்தது.

இரண்டு எழுத்துகளையும் ஊதித் தூசி தட்டி என் கையில் வைத்தார்.

"நீலத்தை மட்டும் கொஞ்சம் மங்கலா அடி" என்றார். "பளிச்சுன்னு இருந்தா உன் தங்கச்சி கண்டுபிடிச்சிடுவா."

சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். நான் என் மேசைக்கு வந்தேன். நீலத்தில் ஒரு சொட்டு சாம்பல் நிறம் கலந்து பூசினேன். காய்ந்ததும் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினேன். மூலையில் கொஞ்சம் மரமும் தெரியவிட்டேன். திருட்டுத்தான், இருந்துவிட்டுப் போகட்டும். பல் தடத்தை மட்டும் எனக்குப் போடத் தெரியவில்லை. அது என் பாக்கெட்டில் இருந்தது.