வரிக்கு முன்னால் எத்தனை வெற்றிடம்

அம்மாவுக்கு ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்க மட்டும் அட்டகாசமாக வரும். அதற்குக் காரணம் மகளின் போன். ஞாயிறு மதியம், மூடிக்கிடக்கும் பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் மகளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் அம்மா வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பின்சீட்டிலிருந்து அந்தப் பாழாய்ப்போன மணி அடிக்கும். அம்மா பிரேக்கைப் பிடிப்பாள். மகள் இறங்கி நின்று போனில் கத்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தங்கும் விடுதியில் அறை அறையாகப் படுக்கை விரித்து, இரண்டு பஸ் மாறி வீடு சேர்கிற அம்மாவுக்கு வாரத்தில் ஓய்வு என்று இருப்பதே அந்த ஒரு மதியம்தான்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியவே கூடாதுன்னு உன் கம்பெனிக்காரன் வேண்டிக்கிட்டு இருக்கானாடி?"

அந்தக் கம்பெனி, சலவைக் கடைகளில் வரிசையாக நிற்கும் மெஷின்களுக்கு மென்பொருள் செய்தது. எந்த மெஷின் எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும். கடைக்காரர்களே அதைத் திருத்திக்கொள்ளலாம். அடைப்புக்குறி, அரைப்புள்ளி என்று எந்தத் தொல்லையும் கிடையாது. எந்த வரி எந்த மெஷினுக்குச் சொந்தம் என்பதை வரிக்கு முன்னால் விட்டிருக்கும் வெற்றிடம்தான் சொல்லும். பார்க்க லட்சணமாக இருக்கும், அதை மகளும் மறுக்க மாட்டாள். ஆனால் ஒரு கடையில் திருத்தியதை இன்னொரு கடைக்கு போன் மெசேஜில் அனுப்பினால், வெற்றிடத்தில் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும். மெஷின் அசையாது. ஊரே துணி துவைக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து இது நடக்கும். போன் அவளுக்கு வரும்.

மென்பொருளின் புதுப் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. ஃபைலின் வடிவத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுவோம் என்று மேனேஜர் அவளையும், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் சக ஊழியனையும் உட்காரவைத்தார். அவள் எழுந்து பலகையில் எழுதினாள்.

மெஷின்.3.சூடு = 60
மெஷின்.3.நிமிஷம் = 40

"ஒவ்வொரு வரியும் முழு விலாசத்தோட இருக்கும். முன்னாடி வெற்றிடம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

தாடி சிரித்தான். பழைய வடிவத்தைக் கொண்டுவந்தவன் அவன்தான். அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே இன்ஜினியர்கள். "மெஷின் மூணு, மெஷின் மூணுன்னு எத்தனை தடவை? கிளிப்பிள்ளை எழுதின மாதிரி இருக்கு. அழகுன்னு ஒண்ணு வேண்டாமா?"

அவளுக்கு மூக்கு விடைத்தது. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்குகிறவன் பேசுகிற அழகு அவளுக்குத் தேவையில்லை.

"இந்த வாரம் சப்போர்ட் போனை நீங்க வச்சுக்குங்க. அழகைப் பத்தித் திங்கட்கிழமை பேசுவோம்."

"ஒரு போன்தானே? கொடு."

"திங்கட்கிழமை முடிவு," என்றார் மேனேஜர். "அன்னிக்கும் சண்டை போட்டீங்கன்னா பழசே இருக்கட்டும்."

ஞாயிறு வந்தது. அம்மா நிறுத்துமிடத்தில் பாதி தாண்டியிருப்பாள், மகளின் சொந்த போன் அடித்தது. அம்மா பிரேக்கைப் பிடித்தாள். தாடிதான்.

"கொஞ்சம் லைன்லயே இரு. சலவைக் கடை அக்காவும் லைன்ல இருக்காங்க. அக்கா, நாலாவது வரிக்கு முன்னாடி எவ்வளவு வெற்றிடம் இருக்கு?"

"முன்னாடி ஒண்ணும் இல்லையேப்பா."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் எண்ணிச் சொல்லுங்க."

"இல்லாததை எப்படிப்பா எண்ணுறது?"

"ரெண்டா, நாலான்னு மட்டும் சொன்னா…"

"எது ரெண்டு? ஈரத்துணியோட ஒரு கூட்டமே என்னை முறைச்சுக்கிட்டு நிக்குது. நீ என்னடான்னா இல்லாததை எண்ணச் சொல்ற. உன்னைச் சம்பளம் கொடுத்துத்தான் வச்சிருக்காங்களா?"

அம்மா ஹேண்டில்மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"யாரு சிரிக்கிறது?" என்றான் தாடி.

"எங்கம்மா. நீங்க நேர்ல போய்த்தான் சரி பண்ணணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா. எனக்கும் அன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான் வரும்."

திங்களன்று தாடி சோப்புப்பொடி வாசனையோடு வந்தான். சரி செய்யப் போனவனைப் போர்வை பிழிய வைத்துவிட்டாள் அந்த அக்கா. மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அவனே பலகைக்குப் போய், மெஷின் ஒன்றிலிருந்து வரிசையாக, அவள் வடிவத்தில் எழுத ஆரம்பித்தான்.

"அசிங்கமாத்தான் இருக்கு," என்றான். "ஆனா போன்ல வாசிச்சுக் காட்டலாம். இந்தச் சமக்குறிகளை மட்டும் ஒரே நேரா நிறுத்திக்கிறேனே? நடுவுல கொஞ்சம் வெற்றிடம் விட்டு… அதையாவது விடேன்."

கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. "எவ்வளவு வேணும்னாலும் விட்டுக்குங்க. யாரும் எண்ண மாட்டாங்க."

புதுப் பதிப்பு எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்த வார ஞாயிறு. போன் மறுபடி அவள் பையில். அம்மா வண்டியைக் கிளப்பினாள். மணி அடித்தது. பழக்க தோஷத்தில் அம்மாவின் விரல்கள் பிரேக்குக்குப் போயின.

"நிறுத்தாத, ஓட்டு!" என்று மகள் பின்சீட்டிலிருந்தே போனை எடுத்தாள். சலவைக் கடை அக்கா.

"துணி வெந்துடும்னு மெஷின் ஓட மாட்டேங்குதும்மா. வாசிக்கிறேன் கேளு. மெஷின் மூணு, சூடு, அறுநூறு."

"சைபர் ஒண்ணு கூடிப்போச்சுக்கா."

"அட, ஆமா!" போன் துண்டிக்கப்பட்டது.

அம்மா இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுகளைத் தாண்டி, தள்ளுவண்டிகள் அடுக்கிய மூலையைத் தாண்டி, அவர்கள் இதுவரை வந்தே இராத கோடிக்கு வண்டி வந்துவிட்டது. எதிரே சுவர்.

"ஏய், சுவர் வருதுடி! எப்படித் திரும்புறது?"

மகள் வாயைத் திறந்தாள். பாடம் ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா சுவருக்கு ஒரு சாண் முன்னால், சத்தமே இல்லாமல், அழகாக பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பதான் போன் அடிக்கலையே. சொல்லிக் கொடு."