பச்சைக் களிமண்ணும் ஒரு கட்டைவிரலும்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு உலகம் கணுக்காலோடு முடிந்துவிடும். வெல்டருக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. மனைவியின் நீலக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி. அதற்குப் பக்கத்தில், தேவைக்கு மேல் பக்கத்தில், தாடிக்காரனின் பழுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி.

மேலே ஒரே சிரிப்பு.

"ஏய் வாத்து, அந்தக் குழாயை இந்தப் பக்கம் திருப்புடி. இடிக்குது பாரு."

"முதல்ல நீ கையை எடுடா. உன் கைதான் இடிக்குது."

வாத்து! கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பெயர் அவன் காதில் விழுந்ததே இல்லை. இந்தக் கார் அவர்கள் பட்டறைக்கு வந்ததிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஸ்பானரை நட்டில் மாட்டி, அந்த நட்டு என்ன பாவம் செய்ததோ, அப்படி ஒரு முறுக்கு முறுக்கினான்.

தாடிக்காரன் அவளோடு என்ஜினியரிங் படித்தவன். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதில் சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். என்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றிவிடும் காற்றுப் பம்ப் அது. காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். கார் சீறிக்கொண்டு கிளம்பும். 'வேறு பட்டறையே கிடைக்கலையா?' என்று கேட்க வெல்டர் வாயைத் திறந்தான். அதற்குள் மனைவியின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. கல்லூரிக் கடைசி வருஷத்தில் அவள் காகிதத்தில் வரைந்து முடித்த வேலை அது. பொருத்திப் பார்க்க அன்று யாரும் கார் தரவில்லை. பிறகு கல்யாணம், குழந்தை, அடுத்தவர் வண்டிக்கு ஆயில் மாற்றுவது என்று காலம் ஓடிவிட்டது. இந்தக் கார் உள்ளே நுழைந்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சம் கல்யாணப் போட்டோ ஒன்றில்கூட இல்லை. வெல்டர் ராத்திரி ஆல்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டான். இல்லவே இல்லை.

கார் வெளியே பார்க்கத்தான் அழகு. பானெட்டைத் திறந்தால், மூடி மேல் ஏறி உட்கார்ந்து பூட்டிய பெட்டி மாதிரி உள்ளே எல்லாம் பிதுங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டால் தோலுரிந்துதான் வெளியே வரும். அதற்குள்ளே, என்ஜின் தலைமேல், கனத்த அலுமினியப் பெட்டி ஒன்றை உட்கார வைக்க வேண்டும். அதைத் தாங்கும் பிராக்கெட்டுகளை வெல்டர் செய்து கொடுத்திருந்தான். தாடிக்காரன் முதல் நாளே ஒரு கண்டிஷன் போட்டுவிட்டான்: "பானெட்டை மட்டும் வெட்டக் கூடாது. மூட முடியலைன்னா விட்டுடுங்க, நான் வண்டியை எடுத்துட்டுப் போயிடறேன்."

வெல்டர் அடியிலிருந்து வெளியே வந்தான்.

"அண்ணே, கன்னமெல்லாம் கிரீஸ்" என்று தாடிக்காரன் துணியை நீட்டினான்.

"அண்ணேன்னு கூப்பிடறீங்க. அப்ப இவ உங்களுக்கு அண்ணி. அண்ணியை யாராவது வாடி போடிம்பாங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பல் மட்டும்தான் சிரித்தது.

தாடிக்காரன் உடனே கை கட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க அண்ணி. அந்த டார்ச்சைக் கொஞ்சம் கொடுங்கடி" என்றான்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெல்டர் துணியை வாங்கிக் கன்னத்தை அழுத்தித் துடைத்தான். கிரீஸ் காது வரை பரவியது.

பதினொரு மணி வாக்கில் சூப்பர்சார்ஜர் தன் இடத்தில் உட்கார்ந்தது. இனி பானெட் மூடுமா, மூடினால் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று பார்க்க வேண்டும். மூடிய பானெட்டுக்குள் யாரும் தலையை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் அவள் மகளுடைய விளையாட்டுக் களிமண்ணைக் கடன் வாங்கி வந்திருந்தாள். பச்சை நிறம். சூப்பர்சார்ஜரின் மேட்டுப் பகுதிகளில் உருண்டை உருண்டையாக வைத்தாள். பானெட்டை மூடித் திறந்தால் களிமண் அமுங்கியிருக்கும். மிச்சமிருக்கும் கனம்தான் இடைவெளி.

"மெதுவா மூடிட்டுத் திறங்க. அளவுகோல் மேல வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று படியேறினாள். தாடிக்காரன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

வெல்டர் பானெட்டை மூடினான். திறந்தான்.

களிமண் அநேகமாக விரல் கனத்துக்கு நின்றது. இடம் இருக்கிறது. வேலை நடக்கும். பெல்ட் மாட்ட வேண்டும், பெட்ரோல் அளவைச் சரிசெய்ய வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் எத்தனை வாத்து, எத்தனை வாடி!

திட்டம் போட்டுச் செய்தான் என்று சொல்ல முடியாது. கட்டைவிரல் முன்னால் போனது, அவன் பின்னால் போனான். ஒவ்வோர் உருண்டையையும் தாளாகிற வரை அமுக்கிவிட்டு பானெட்டை இறக்கி வைத்தான்.

அவள் வந்து திறந்தாள். அளவுகோலை வைக்கக்கூட இல்லை.

"என்னடி ஆச்சு?" என்று தாடிக்காரன் ஓடி வந்தான்.

"இடமே இல்லடா. உரசிக்கிட்டு நிக்குது." குரல் சின்னதாகிவிட்டது. "அவர் பிராக்கெட்டை நான் சொன்ன அளவுக்கு அச்சு மாறாம செஞ்சிருக்காரு. என் கணக்குதான் தப்பு. அப்பவே தப்பாத்தான் வரைஞ்சிருக்கேன் போல. நீ வண்டியை எடுத்துட்டுப் போ."

நெஞ்சு குளிரும் என்று வெல்டர் நினைத்திருந்தான். பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. இப்போது வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்திலிருந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தான்.

அவள் களிமண்ணைச் சுரண்டி எடுக்கக் குனிந்தாள். ஒரு துண்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், மூணு டீ வாங்கிட்டு வா."

"இப்பதானே குடிச்சோம்?"

"போடான்னா போயேன்."

அவன் தலை மறையும் வரை காத்திருந்தாள். பிறகு பச்சைத் துண்டைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பானெட்டுக்குக் கட்டைவிரல் எப்பங்க முளைச்சுது?"

வழவழப்பான தகடு அமுக்கிய களிமண் மொழுமொழுவென்று இருக்க வேண்டும். இதிலோ ரேகை சுருள் சுருளாகப் பதிந்திருந்தது. வெல்டிங் சூடு பட்டு அவன் விரலில் குறுக்கே விழுந்த தழும்புகூடத் தெளிவாக இருந்தது.

"கேக்கறேன்ல?"

"அவன் உன்னை வாத்துங்கறான்."

"அதுக்கு?"

"எனக்குத் தெரியாம உனக்கு ஒரு பேரு இருக்கு. அதை அவன் என் பட்டறையில நின்னு கத்தறான்."

"ஐயோ, லேப்ல ஒரு நாள் ஆயில் கொட்டிக் கிடந்துச்சு. வழுக்காம இருக்கக் காலை அகட்டி அகட்டி நடந்தேன். அதுல இருந்து வகுப்பே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. காலேஜ் கேட்டுல நின்ன வாட்ச்மேன்கூட! பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அம்மாகிட்ட இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணுமா?"

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அடங்கிக்கொண்டான்.

"பொறாமையா இருந்தா அவன்கூட சண்டை போட்டிருக்கலாம். என்கூட போட்டிருக்கலாம். தட்டை விட்டெறிஞ்சிருக்கலாம், பொறுக்கி வச்சிருப்பேன். என் வேலைல கைவச்சீங்களே! என் கணக்கு தப்புன்னு நானே நம்பினேங்க. நீங்க பாத்துக்கிட்டே ஸ்பானர் துடைக்கறீங்க."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அவன் வந்ததும் நான் சொல்ல மாட்டேன். உங்களைக் காப்பாத்தவும் மாட்டேன்."

டீ வந்தது. வெல்டர் டம்ளரை வாங்கவில்லை.

"களிமண்ணை அமுக்கினது பானெட் இல்லைங்க. நான். நீங்க இங்க இருக்கறது எனக்குப் பொறுக்கலை. அவ கணக்கு சரியாத்தான் இருக்கு."

தாடிக்காரன் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தான். அவனோ டீயைக் கீழே வைத்துவிட்டு, "என் கார் போனா போகுது அண்ணே. நேத்து மத்தியானம் இவ சாப்பிடலை. இன்னிக்குக் காலைலயும் சாப்பிடலை. இதையே நினைச்சுக்கிட்டு இருந்தா" என்றான்.

இது வாத்தைவிட மோசமாகக் குத்தியது. அவள் சாப்பிடாதது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவனுக்குத் தெரியவில்லை.

புது உருண்டைகள் வைத்தார்கள். இந்த முறை பானெட்டைத் தாடிக்காரன் மூடினான், வெல்டர் தள்ளி நின்றான். அவள் ஒவ்வொன்றாக அளந்தாள். மூன்று சரியாக இருந்தன. முன்பக்கத்து உருண்டையில் வந்ததும் உதட்டைக் கடித்தாள்.

"இங்க பத்தாது. சும்மா நிக்கும்போது தொடாது. ஆனா ஆக்ஸிலேட்டரை மிதிச்சா என்ஜின் ஆடும், அப்ப முட்டிடும்." கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இது உண்மையிலேயே என் தப்புதான்."

கார் இப்போது நியாயமாகவே வெளியே போகலாம். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. வெல்டர் அந்த இடுக்கைக் குனிந்து பார்த்தான். டார்ச்சை வாங்கி அடியிலும் அடித்துப் பார்த்தான்.

"என்ஜினைக் கொஞ்சம் இறக்கி உக்கார வைக்கலாம். தாங்கற கட்டைகளை வெட்டி, தாழ்வா புதுசு செஞ்சு தரேன்."

"என்ஜினையே தூக்கணும்ங்க! ஒரு வாரம் இழுத்துடும்."

"இழுக்கட்டும்." தாடிக்காரனைப் பார்த்தான். "லீவை நீட்டிக்க முடியுங்களா?"

"கேட்டுப் பாக்கறேன் அண்ணே."

"கேளுங்க. இப்ப மூணு பேரும் மேல போய்ச் சாப்பிடறோம். இவ சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் ஒரு நட்டு கழலும்."

சாப்பிட்டுவிட்டு வந்து தூக்கும் சங்கிலியை மாட்டினார்கள். தாடிக்காரன் உரிமையோடு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்க. என் பக்கத்துல நில்லுங்க" என்றான் வெல்டர்.

அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"என்ன பாக்கற? கண் பார்வைல இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே சங்கிலியை இழுத்தான். என்ஜின் ஒரு முனகலோடு தன் இடத்தைவிட்டு மேலே எழும்பியது.