பட்டு முகப்புரை

நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் நான்கும் சேர்த்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்; ஜி.எஸ்.டி. தனி. பட்டுக்கடை கலியாணசுந்தரம் முதலாளி வாய் கூசாமல் சொன்ன விலை அது. அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையை மயில்கழுத்துப் பட்டில் ஜரிகை எழுத்தாக நெய்து, கண்ணாடி போட்டு மாட்டுகிற சரக்கு. முதல் உருப்படி குடியரசு தின மேடையில் வியாபாரிகள் சார்பாகக் கலெக்டர் கைக்குப் போகும். அதைப் பார்த்து நாலு வக்கீல் ஆபீசும் ரெண்டு காலேஜும் ஆர்டர் கொடுக்காமலா போய்விடும் என்பது அவர் கணக்கு.

தறியில் மிதித்துக்கொண்டிருந்த மணிவண்ணனுக்கும், வலது ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த அவன் மனைவி துளசிக்கும் வேறு கணக்கு. இந்த உருப்படிக்குக் கூலி இருபத்து நாலாயிரம். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் இன்னும் நிற்பது இருபத்திரண்டாயிரம். துணி இறங்கினால் கடனும் இறங்கிவிடும். 'பாக்கி இல்லை' என்று அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், வாலாஜாபாத் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் கடையில் இதே வேலைக்கு ஒன்றரைப் பங்கு கூலி. அந்தச் சீட்டு இல்லாத நெசவாளிக்கு ஊரில் எந்தக் கடையும் நெய்யப் பாவு நூல் கொடுக்காது.

"இன்னாமே, சத்தத்தயே காணோம்?" என்றான் மணிவண்ணன்.

"சகோதரத்துவம் வந்துக்கினு இருக்குது. நடுவுல பேச்சு குடுத்தா நூல் அந்துடும்."

"உங்க அண்ணனுங்க சகோதரத்துவம் மாதிரி இழுத்துக்கினே போவுது."

"எங்க அண்ணனுங்கள இழுக்காத. கால மிதி."

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி காலையில் துணியை அறுத்து இறக்கினார்கள். இந்த மாதிரி வேலையில் துணியின் முகம் கீழே இருக்கும். நெய்கிறவர்கள் கண்ணுக்கு அதன் முதுகுதான். பாயில் புரட்டி விரித்தபோதுதான் இருவரும் எழுத்தை நேராகப் பார்த்தார்கள். ஜரிகை வெயிலில் தகதகத்தது. துளசி விரல் வைத்துப் படித்தாள். "இந்திய... மக்களாகிய..."

விரல் நின்றுவிட்டது. 'நாம்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில், பாதமும் நடுவில் கோடுமாக, பெருமாள் நெற்றியில் இருப்பது போலவே ஒரு நாமம் எழுந்து நின்றது.

"ஐயையோ! நாமத்தப் போட்டுட்டான்பா!" என்று கூவினாள்.

தறியில் மாட்டினால் எழுத்தைத் துணியில் எழுப்பும் துளையிட்ட அட்டைகள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டாக, முதலாளி கடையிலிருந்து வரும். அங்கே அட்டை எடுத்துக் கொடுப்பவன் கமல். பெருமாள் வஸ்திரத்துக்கென்று வைத்திருந்த கட்டைத் தூக்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறான். போன் போன கால் மணியில் கமலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முதலாளியின் வண்டி வாசலில் வந்து நின்றது. நாளைக்கு மேடையில் பேசவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர், துணியைப் பார்த்ததும் மொத்தத்தையும் மறந்தார்.

"வடகலையாடா, தென்கலையாடா?"

"தென்கலை, முதலாளி."

"எதுவா இருந்தாலும் மேடையிலயே ஸ்டே வாங்கிடுவானுங்கடா! டேய் கமலு, கண்ண எங்கடா வச்சிருந்த?"

"சீட்டுல நாம்னுதான் இருந்துச்சு, முதலாளி. நம்ம கடையில எப்பவும் நாமம்தானே போடறோம்னு..."

மணிவண்ணன் சிரிப்பை அடக்கத் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டான். துளசி குனிந்து துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கத்தாதீங்க முதலாளி. ஜரிகை தனி ஓட்டமாத்தான் ஓடியிருக்குது. உருவிட்டா அடித்துணிக்கு ஒண்ணும் ஆவாது. ஊசியில நான் 'நாம்' போட்டுடறேன். ஆனா ஊசி வேலைக்குத் தனிக் கூலி."

"கூலியா?" முதலாளிக்கு மேடைப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "உரிமை உரிமைன்னு எல்லாரும் பேசறீங்களே, கடமைன்னு ஒண்ணு இருக்குதும்மா. அதே சட்டத்துலதான் எழுதியிருக்குது. நாட்டுக்காகச் செய்யற வேலைக்குக் கூலி கேப்பாங்களா?"

"அப்ப நாட்டுக்காக இந்த முனையப் புடிங்க."

அவர் பிடித்தார். ஒரு முனை முதலாளி, ஒரு முனை கமல், நடுவில் விளக்கை ஏந்திக்கொண்டு மணிவண்ணன். துளசி நாமத்தை இழை இழையாக உருவினாள். உருவிய ஜரிகை மடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது. பிறகு முடிகனத்து ஊசியில் புது ஜரிகை கோத்து, இழை எண்ணி எண்ணி ஏற்றினாள். 'நா' வந்தது. 'ம' வந்தது.

"போதும், போதும், வந்துடுச்சு!" என்று முதலாளி குதித்தார்.

"ஆடாதீங்க. புள்ளி வெக்கணும்."

"நாமன்னாலும் நாமதானம்மா?"

"பேச்சுல சரி. எழுத்துல புள்ளி வேணும்."

புள்ளி ஏறியபோது வெயில் இறங்கியிருந்தது. நாலு பேரும் ஒரே குரலில் முதல் வரியைப் படித்தார்கள். சந்தோஷத்தில் முதலாளி கமலுக்கே கை கொடுத்தார்.

மறுநாள் மைதானத்தில் கொடி ஏறியதும் கலெக்டர் பட்டைப் பார்த்தே முகப்புரையைப் படிக்க, கூட்டம் எழுந்து நின்று கூடவே சொன்னது. கயிற்றுக்குப் பின்னால் நின்ற துளசி 'நாம்' வந்தபோது மணிவண்ணனின் தோளில் ஒரு குத்து விட்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதலாளிக்குச் சால்வை போட்டார்கள். அங்கேயே ஏழு ஆர்டர் விழுந்தது.

சால்வையை அவிழ்க்காமலே முதலாளி கடையின் பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து கணக்கு எழுதினார். துளசியோடு பின்னாலேயே வந்திருந்த மணிவண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஜரிகை சேதம் எங்க தலையிலயா, முதலாளி? அட்டை உங்களுது."

"நெஞ்சது யாருப்பா?"

மணிவண்ணன் வாயைத் திறப்பதற்குள் துளசி அவன் கையை அழுத்தினாள். கடைசி வரியை அவள் பார்த்துவிட்டிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து மேஜைமேல் பட்டென்று வைத்தாள். "இந்தாங்க. தீந்துச்சு. சீட்டு எழுதுங்க."

முதலாளி காசை ஒற்றை விரலால் அவள் பக்கமே நகர்த்தினார். "ஒரு ரூபா நிக்கட்டும்மா. கணக்கத் தொடச்சு முடிச்சா லட்சுமி எழுந்து பூடுவா. எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில யாரு கணக்கையும் முடிச்சதில்ல."

"அப்ப சீட்டு?"

"பாக்கி நிக்கறப்ப பாக்கி இல்லன்னு எப்படிம்மா எழுதறது? நல்ல நாளும் அதுவுமா பொய் எழுதச் சொல்றியா?"

"நாங்க வேற எடத்துல வேலை செய்யக் கூடாதா, முதலாளி?"

"யாரு சொன்னது? எங்க வேணா செய்ய உனக்கு உரிமை இருக்குது. நான் தடுத்தனா?" என்றவர், ஏழு ஆர்டரில் முதலாவதுக்கான பாவு நூலை எடுத்து மணிவண்ணன் கையில் வைத்தார். அதன்மேல் கணக்குத் துண்டை மடிக்காமல் வைத்தார்.

முன்பணம் நின்றது: 22,000
கூலி வரவு: 24,000
கழிவு, ஜரிகை சேதம்: 1,200
கழிவு, ஆட்டோ: 300
கழிவு, கோயில் மகமை: 501
ஊசி வேலை: கடமை
பாக்கி: ரூ. 1