அழாத பிள்ளை

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த வருஷம், காஜா பெராங் பகுதிப் பெண்கள் பலருக்குக் கால் மரத்துப் போயிருந்தது. பெரிபெரி. ஆலையில் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியையே மூன்று வேளையும் தின்றால் வருகிற சீக்கு. தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது என்றார்கள் டாக்டர்கள். புழுங்கல் அரிசி தின்றால் வராதுதான். டவுனில் யார் தின்பார்கள்? அது தோட்டத்துக் கூலிச் சோறு, வாடை வேறு. தோட்டத்தில் பிறந்து அந்தச் சோற்றிலேயே வளர்ந்த கோகிலாகூட, சுகாதார இலாகாவில் நர்ஸாக, ஊர் வாயில் மிஸியாக, வேலை கிடைத்த கையோடு வெள்ளை அரிசிக்கு மாறிவிட்டாள். கௌரவம் என்று வந்துவிட்டால் கால் எம்மாத்திரம்.

இதற்கு மேலிடத்தில் ஒரு யோசனை பிறந்தது. வெள்ளை அரிசியை விடமாட்டார்களா, சரி, அதற்குள்ளேயே சத்தை வைத்துக் கொடுப்போம் என்றார்கள். கொஞ்சம் அரிசியில் மருந்தை ஏற்றி, மற்ற அரிசியோடு கலந்து மூட்டை பிடித்தார்கள். மருந்து ஏறிய மணி மட்டும் மஞ்சளாக இருக்கும். காஜா பெராங் வீடுகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்பது. பலன் தெரிந்தால் ஊரெல்லாம் கொடுப்பது, இல்லாவிட்டால் யோசனையை ஏறக்கட்டுவது.

பலனைப் பார்த்துச் சொல்கிற வேலை கோகிலாவுக்கு. வீடு வீடாகப் போவாள், பெண்களை உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே தட்டுவாள். கால் துள்ளினால் நல்லது. ஆறு மாதமாகத் தட்டியும் பாதிக் கால்கள் துள்ளவில்லை. "சோறு இந்த அரிசியில்தானே ஆக்குறீங்க?" என்று கேட்டால், "வேற எதுல மிஸி?" என்று பானையைத் திறந்தே காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

வெள்ளைக்கார டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "போகி கழிந்ததும் உன் அபிப்பிராயத்தைச் சொல். அரிசியால் உபயோகமில்லை என்றால் நிறுத்திவிடலாம்" என்றார்.

கோகிலாவுக்கு நினைப்பெல்லாம் மீனாச்சி மேல்தான். காஜா பெராங்கிலேயே சிட்டி சாதிக்காரர்கள் வாழும் குடியிருப்பு, சிட்டி கம்பம். அந்தக் கம்பத்துப் பெண். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய், பரம்பரையாக அப்படித்தான். கோகிலாவும் அவர்களோடு மலாயில்தான் பேசுவாள். மீனாச்சியின் மூத்த பையன் மூன்றாம் மாதத்தில் செத்துப்போனான். தாய்க்குச் சத்தில்லாவிட்டால் பாலிலும் இருக்காது. பால் குடிக்கிற பிள்ளையைத்தான் பெரிபெரி முதலில் கொண்டுபோகும். இப்போது கைக்குழந்தை இரண்டாமவன். அவனுக்கும் மூன்றாம் மாதம் நடந்தது. இந்த அரிசி அவனைக் காப்பாற்றும் என்று கோகிலா நம்பியிருந்தாள். அரிசி தோற்றால் பிள்ளைக்கு வேறு கதியில்லை.

போகியன்று மத்தியானம் போனாள். சிட்டி வீடுகளில் அன்றைக்குப் பர்ச்சு. செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல். சமையலறையில் மிளகாய்ச் சம்பல் வாசம் மூக்கைத் துளைத்தது. மீனாச்சியின் நாத்தனார் கண்ணம்மா, முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணம்மா சுத்தத்துக்குப் பேர்போனவள். கல் ஒன்று பல்லில் பட்டால் அன்றைக்குச் சோறே வேண்டாம் என்பாள். அவள் விரல் முறத்தில் கொத்திக் கொத்தி எடுத்ததைப் பார்த்த கோகிலா, அப்படியே நின்றுவிட்டாள். எடுத்ததெல்லாம் மஞ்சள் மணி. பக்கத்தில் சிரட்டை நிறைய மஞ்சள் மணி.

"அதை ஏன் எடுக்கறீங்க?"

"பெரியவங்களுக்குப் பழுப்புச் சோறா போடுறது? மானம் போயிடும் மிஸி."

"படையலுக்கு மட்டும்தானே?"

"நல்லா இருக்கே. தினமும்தான் பொறுக்குறோம். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? பழுத்த மணி பூசணம், பொறுக்கி எறிஞ்சிட்டு மூணு தண்ணி அலசணும்னு. இந்தக் கம்பத்துல எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க."

சொன்னது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன் கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தியவள் கோகிலாவேதான். நன்றாகக் கற்றுக்கொண்ட வீட்டுக்குப் பீங்கான் தட்டுகூடப் பரிசு கொடுத்தாள். தட்டு வாங்கியவள் கண்ணம்மா. அந்தத் தட்டு இப்போதும் எதிரே அலமாரியில் மினுங்கியது.

கண்ணம்மா சிரட்டையைப் பின்வாசலில் கவிழ்த்தாள். கோழிகள் பாய்ந்து வந்தன. கம்பத்திலேயே திமிறிக்கொண்டு நடந்த கால்கள் அவற்றுடையவைதான். ஆறு மாதமாகத் தப்பான கால்களைத் தட்டியிருக்கிறோம் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

"குழந்தை எங்கே?"

சாரோங் துணித் தொட்டிலில் கிடந்தான். முகம் சுருங்கி, வாய் திறந்து, கை காலெல்லாம் உதைத்துக்கொண்டு அழுதான். சத்தம் மட்டும் வரவில்லை.

"பாருங்க, அழுதாலும் சத்தமே போடமாட்டான்" என்றாள் மீனாச்சி. "மூத்தவனும் இப்படித்தான் மிஸி. கடைசி ஒரு வாரம் சத்தமே இல்லாம கிடந்தான். தங்கமான பிள்ளை."

கோகிலா தொட்டிலில் குனிந்து பார்த்தாள். இந்தச் சீக்கில் பிள்ளைக்குக் குரல் போனால், அடுத்துப் போவது மூச்சு. உதடு லேசாக நீலம் பூத்திருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"பர்ச்சு அன்னைக்கா?" கண்ணம்மா குறுக்கே வந்து நின்றாள். "விளக்கேத்திப் பெரியவங்களைக் கூப்பிட்டாச்சு. அவங்க சாப்பிட்டுப் போற வரைக்கும் வீட்டு ஆள் யாரும் படி தாண்டக் கூடாது."

வாதாடிப் பிரயோசனமில்லை, வாதாடுகிற நேரத்துக்குப் பிள்ளை தாங்குமா என்பதும் தெரியவில்லை. வீங்கிய கால்களுக்குப் போடுகிற சத்து ஊசி மருந்து பையில் இருந்தது. டாக்டர் சொல்லாமல் கைக்குழந்தைக்கு மிஸி ஊசி போட்டால் வேலை போகும். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேலையோடு நிற்காது. கோகிலா அடுப்பில் வெந்நீர் கேட்டாள். ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தைக் குறைத்து எடுத்து, பொடித் தொடையில் போட்டாள். பிள்ளை வாயைப் பிளந்தான். அப்போதும் சத்தமில்லை.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனித் தாய்க்கும் ஒரு ஊசி. மஞ்சள் மணியைத் தின்னச் சொல்லிக் காலில் விழுந்தாவது கெஞ்ச வேண்டும். டாக்டரிடம் என்ன சொல்வது? அரிசி நல்ல அரிசி, அதை ஒருத்தரும் தின்னவேயில்லை, தின்னவிடாமல் செய்தது என் பாடம் என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. மணியை வெள்ளையாகவே செய்து அனுப்புங்கள், வீட்டில் பொறுக்குகிற கையைக் கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டுங்கள் என்றும் சொல்ல வேண்டும். கேட்பாரோ மாட்டாரோ. இந்த மடியில் கிடப்பவன் பிழைக்காவிட்டால் அதைச் சொல்லத் தன் வாய் எழும்பாது என்று நினைத்தாள்.

பொழுது சாய்ந்தது. கூடத்தில் வாழை இலைகளைப் போட்டு, செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறினார்கள். ஓர் ஓரத்தில் சின்ன இலை. மீனாச்சி அதில் ஒரு குவளைப் பாலை மட்டும் வைத்தாள். பிறகு எல்லோரும் பின்பக்கத்து முற்றத்துக்கு வந்தார்கள். பெரியவர்கள் சாப்பிடட்டும் என்று கூடத்துக் கதவைச் சாத்தினான் மீனாச்சியின் புருஷன் ஏகாம்பரம். அவர்கள் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. கோழிகள்கூட அடங்கிவிட்டன.

அந்த அமைதியில், கோகிலாவின் மடியில் ஏதோ கரகரத்தது. சேவல் குஞ்சு முதல்முதலாகக் கூவிப் பார்ப்பதுபோல் ஒரு உடைந்த சத்தம். விட்டது, மறுபடி வந்தது. பிறகு பிள்ளை தொண்டை கிழிய வீறிட்டான்.

கண்ணம்மா பதறி உதட்டில் விரலை வைத்தாள். "வாயை மூடச் சொல்லு! உள்ளே சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க!"

கோகிலாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மீனாச்சி பிள்ளையை வாங்கினாள். அவனை அமர்த்தவுமில்லை, மார்பில் போடவுமில்லை. சாத்தின கதவுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"அழட்டும் அக்கா" என்றாள். "இவன் அண்ணனும் உள்ளேதானே இருக்கான். அவன் கேக்கட்டும்."

கண்ணம்மா உதட்டிலிருந்து விரலை எடுத்தாள்.