எடுத்துக் கொடுக்காத வரி

நார்வேயில், பெர்கன் நகர நாடக அரங்கில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், சின்ன விளக்கு, மடியில் பிரதி.

ஸீவர்ட் ஹோல்மும் நானும் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒரே ஃபியோர்டின் கரையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டு பேருமே நாடகம் எழுதினோம். அந்த வசந்தத்தில் சிறிய மேடைக்குப் புது நாடகம் ஒன்றுதான் என்றார்கள். என்னுடையதைப் படித்துவிட்டு இயக்குநர் "மோசமில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் புகழ்வதில்லை. இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். மூன்றாம் நாள் ஸீவர்ட்டின் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஒத்திகையில் அதை மடியில் வைத்துப் படித்தேன். நன்றாக இருந்தது. மட்டமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன தூரிட், வாஃபிள்ல சர்க்கரைக்குப் பதிலா உப்பா?" கேன்டீனில் ராண்டி கேட்டாள். நாடகத்தில் மனைவி வேடம் அவளுக்கு.

"ஒண்ணுமில்ல."

"காது ரெண்டும் செவந்து கெடக்கு. ஒண்ணுமில்லையாம்!"

ஸீவர்ட் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். "என்னமோ கிறுக்கினேன். உன்னோடத எடுத்திருக்கணும், தூரிட்."

அவன் உண்மையாகவே அப்படி நினைத்தான். பெருமை பேசியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

முதல் நாள் காட்சிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் அங்கத்தில் கணவன் ஜன்னலோரம் நின்று, "படகு வந்துடுச்சு. பையன் வரல" என்று சொல்ல வேண்டும். கணவனாக நடித்த யூஸ்டைன் வாயைத் திறக்கவில்லை. ஸீவர்ட் அங்கே மூன்று நொடி இடைவெளி எழுதியிருந்தான். நான்காவது நொடியில் அவருடைய இடது கை கால்சட்டையைத் தேய்த்தது. மறந்தால் அப்படித்தான் செய்வார். என் பக்கம் திரும்பினார்.

வரி என் நாக்கு நுனியில் இருந்தது. கெடட்டும் என்று நினைத்தேன்.

எட்டு. பன்னிரண்டு. பதினைந்து. ராண்டி அவர் முகத்தையே பார்த்தாள். மேசையில் மூன்றாவதாக வைத்திருந்த தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு மெல்ல, "காபி போடறேன்" என்று தன் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அரங்கில் யாரோ விம்முவது கேட்டது.

திரை விழுந்ததும் யூஸ்டைன் பாய்ந்து வந்தார். "செத்துட்டியா அங்க? உன்னையே பாத்துக்கிட்டு நிக்கறேன்!"

"சொன்னேனே. உங்களுக்குக் கேக்கல."

பின்னாலேயே ஸீவர்ட் வந்தான். கண் ஈரமாக இருந்தது. என் மடியிலிருந்த பிரதியை வாங்கி, அந்த வரியைப் பென்சிலால் அடித்தான்.

"வேணும்னுதானே விட்ட?"

ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"அந்த வரி வேண்டாம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. எழுதின எனக்குத் தெரியல."

நான் மறுக்கவில்லை.

மறுநாள் பத்திரிகைகள் அந்த மௌனத்தைத்தான் எழுதின. பாரிஸில் எழுதினார்கள், பெர்லினில் எழுதினார்கள். ஸீவர்ட்டுக்குப் பரிசுகள் வந்தன, அரசாங்கம் வீடு கொடுத்தது. போகிற இடமெல்லாம், "என் ஊர்க்காரி ஒருத்திதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாள்" என்று சொல்லுவான். வானொலியில் அந்தக் குரல் வந்தால் அணைத்துவிடுவேன்.

என் நாடகம் மேடை ஏறவில்லை. இன்னொன்று எழுத உட்கார்ந்தால், அவன் இதை எப்படி எழுதுவான் என்றுதான் தோன்றும். எழுந்துவிடுவேன்.

ஸீவர்ட் புதிதாக எது எழுதினாலும் முதல் பிரதி எனக்கு வரும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "எதை விடணும்னு சொல்லு."

போன திங்கள்கிழமை ஒன்று வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி கூடுதல். படித்ததுமே தெரிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டால் அவன் எழுதியதிலேயே இதுதான் சிறந்ததாக இருக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, எதையும் தொடாதே என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.